மாசிக் கருவாடு, கோலி சோடா, ரெண்டு மணி நேரப் பேச்சு... ஜப்பான் தெருமுனைக் கடையில் ஒரு தம்பதியின் மாலை!

சாயங்காலம் 5 மணிக்கு மேல் நெல்லை டவுன் கீழ ரத வீதியில் நின்று பார்த்தால் தெரியும். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை திறந்திருக்கும். வரிசை நீளும். இலைத் துண்டில் சூடாக அல்வா கைக்கு வரும். கணவனும் மனைவியும் ஆளுக்குக் கொஞ்சம் வாயில் போட்டு, விரலில் ஒட்டிய நெய்யைத் துடைத்து முடிப்பதற்குள் அந்த மாலை முடிந்துவிடும். அதிகம் போனால் ஐந்து நிமிடம். அப்புறம்? பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். கையில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. எங்கே போய் உட்கார்வது?

குறுக்குத்துறைப் படித்துறை இருக்கிறது. இருட்டினால் கிளம்ப வேண்டும். சினிமா இருக்கிறது, அங்கே பேச முடியாது. ஹோட்டல் இருக்கிறது, கடைசி வாய் இறங்குவதற்குள் "வேற எதும் வேணுமா சார்?" என்று பில் வந்துவிடும், பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு குடும்பம் நிற்கும். வீட்டுக்கு வெளியே, செலவு கையைக் கடிக்காமல், கணவனும் மனைவியும் அவசரமில்லாமல் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும். நம் ஊர்களில் அப்படி ஒரு கடையை இன்னும் யாரும் சரியாகத் திறக்கவில்லை.

ஜப்பானில் அந்தக் கடைக்கு ஒரு பெயர் உண்டு. இஸகாயா.

மது பரிமாறுவார்கள், ஆனால் வெறும் பார் இல்லை. சாப்பாடு போடுவார்கள், ஆனால் சாப்பிட்டதும் எழுந்துபோகிற ஹோட்டலும் இல்லை. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. 'ஸகாயா' என்றால் மதுக்கடை. முன்னால் நிற்கும் 'இ' என்ற எழுத்துக்கு 'இருத்தல்' என்று பொருள். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல், அங்கேயே இருந்து குடிக்கும் கடை. ஜப்பானிய மொழியில் இந்த வினைச்சொல்லைத் தனியாகச் சொன்னால் 'இரு' என்றுதான் ஒலிக்கும். பொருளும் நம் 'இரு'தான்! தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதாடிய பேராசிரியர் சுசுமு ஓனோவை நம்மவர்கள் பலர் அறிவார்கள். மொழியியல் அறிஞர்கள் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. பழைய ஜப்பானியத்தில் இதே சொல் 'விரு' போல ஒலித்தது என்பதால், இது தற்செயல் ஒற்றுமையாகவே இருக்கலாம். இருந்தாலும் ஒரு நெல்லைக்காரரிடம் 'இரு' என்று சொல்லும் கடை என்றால், கேட்கவே நன்றாகத்தான் இருக்கிறது.

நாம் கேட்காமலே வரும் தட்டு

பாளையங்கோட்டையில் படித்து, ஐ.டி வேலைக்காக டோக்கியோ போன ஓர் இளம் தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். வீடு நிஷி கஸாய் பகுதியில். டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், எடோகாவா வட்டாரத்தில், தோஸாய் மெட்ரோ பாதையில் இருக்கும் இந்தப் பகுதியை 'குட்டி இந்தியா' என்பார்கள். 2000-ம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்று உலகமே பயந்த ஒய்-டூ-கே காலத்தில் வந்திறங்கிய இந்திய இன்ஜினீயர்கள் இங்கேதான் குடியேற ஆரம்பித்தார்கள். தமிழ்க் குரல் கேட்பது இங்கே அதிசயம் இல்லை.

வெள்ளிக்கிழமை இரவு 7 மணி. ஸ்டேஷனில் இருந்து வீட்டுக்குப் போகும் சந்தில் சிவப்புக் காகிதக் கூடு விளக்கு ஒன்று தொங்குகிறது. வாசலில் இடுப்புயரத்துக்குத் துணித்திரை. அதை 'நோரென்' என்பார்கள். திரை வெளியே தொங்கினால் கடை திறந்திருக்கிறது, உள்ளே எடுத்துவிட்டால் மூடியாயிற்று. தனியாக போர்டு தேவையில்லை. திரையை விலக்கித் தலையை உள்ளே விட்டதும், "இராஷ்ஷைமாசே!" என்று அடுப்படியில் இருந்து ஒரு குரல். வாங்க வாங்க என்று அர்த்தம்.

உள்ளே மொத்தம் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரலாம். நீளமாக ஒரு மரப்பலகை; அதன் மறுபக்கத்தில் அடுப்பு. இப்படிப்பட்ட சின்னக் கடைகளில் பலவற்றைக் கணவனும் மனைவியும்தான் நடத்துகிறார்கள். அவர் சமைப்பார், அந்த அம்மா பரிமாறிக் கணக்குப் பார்ப்பார். அவரை 'தைஷோ' என்றும் அம்மாவை 'ஒகாமி' என்றும் வாடிக்கையாளர்கள் கூப்பிடுவார்கள். நம் ஊரில் மெஸ் நடத்தும் அண்ணாச்சியையும் மதினியையும் நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

உட்கார்ந்ததும் கை துடைக்கச் சூடான ஈரத்துண்டு வருகிறது. பின்னாலேயே, யாரும் கேட்காமல், சின்னக் கிண்ணங்கள் இரண்டு.

"ஏங்க, இதென்ன நாம சொல்லாமலே வச்சிட்டுப் போறாங்க?"

"வெஞ்சனம் மாதிரின்னு வச்சுக்கயேன்."

பதில் பாதிதான் சரி. இதற்கு 'ஒதோஷி' என்று பெயர். ஒரு நாள் வேகவைத்த கீரை, இன்னொரு நாள் கிழங்கு என்று தினமும் மாறும். ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. இதை இருக்கைக்கான வாடகை என்று எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டவர் பலர் 'கேட்காததற்கு ஏன் காசு?' என்று சண்டை போடுவது இந்தக் கிண்ணத்தை வைத்துத்தான். ஆனால், அந்தக் காசைக் கொடுத்துவிட்டால் 'எப்போ எழுந்திரிப்பீங்க?' என்று யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கூட்டமான நாளில் சில கடைகளில் இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைப்பார்கள். இரண்டு மணி நேரம்! நம்மூர் சனிக்கிழமை இரவில் ஃபேமிலி ரூமில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் சூப்பர்வைசரே வந்து நிற்பார்.

சாப்பாடு ஒரே தட்டில் வராது. எல்லாம் சின்னச் சின்னத் தட்டுகள், எல்லாம் பங்குபோட. முதலில் உப்புப் போட்டு அவித்த பச்சை சோயா, தோலோடு. எடமாமே என்பார்கள். நம் அவித்த கடலைபோல உரித்து உரித்துத் தின்ன வேண்டியது. அது தீரும்போது கரியடுப்பில் சுட்ட கோழித்துண்டுகள் குச்சியில் வரும். உப்பு மட்டும் தூவியதா, இனிப்பும் உப்புமான சாறு தடவியதா என்று கேட்பார்கள். பிறகு ஒரு மீன். பிறகு ஊறுகாய். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பத்து நிமிடம் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் பேச்சு நடக்கிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாக ஆர்டர் செய்து மேஜையை நிரப்புவது அங்கே வழக்கமில்லை.

டோக்கியோவில் மணக்கும் மாசி

அடுத்து வருவது குளிர்ந்த தோஃபு. வெள்ளைக் கட்டி, மேலே துருவிய இஞ்சி, அதற்கும் மேலே மரச்சீவல்போல மெல்லிய ஏதோ ஒன்று. சூடான பண்டத்தின் மேல் போட்டால் அந்தச் சீவல் ஆவியில் நெளிந்து ஆடும். தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம் பிறந்த மனைவி என்றால் முகர்ந்து பார்த்த உடனே சொல்லிவிடுவார்.

"இது நம்ம மாசிக் கருவாடுல்லா!"

கிட்டத்தட்ட அதேதான். ஜப்பானியர் 'கட்ஸுவோபுஷி' என்று சொல்வது சூரை மீன். அதை வேகவைத்து, புகையில் போட்டு, கட்டைபோல ஆகும்வரை காயவைப்பார்கள். மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் அதே சூரையை வேகவைத்துப் புகைபோட்டு வெயிலில் காயவைத்தால் மாசி. மாலத்தீவில் இருந்து இலங்கைக்கும் நம் தென்கரைக்கும் பன்னெடுங்காலமாக வந்துகொண்டிருக்கும் சரக்கு அது. நாம் உரலில் இடித்துச் சம்பலிலும் துவையலிலும் போடுகிறோம். அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், உயர்ந்த ரகத்துக்குப் பூஞ்சை பிடிக்கவிட்டு மறுபடி காயவைத்து, இழைப்புளி வைத்துச் சீவுகிறார்கள். ஆமாம், தச்சர் வைத்திருக்கும் இழைப்புளி மாதிரியே ஒரு பெட்டி.

இந்தச் சீவலையும் கொம்பு என்ற கடற்பாசியையும் கொதிநீரில் போட்டு வடித்த தண்ணீர்தான் 'தஷி'. ஜப்பானியச் சமையலின் அடித்தளமே அதுதான். 1908-ல் கிகுனாயே இகேதா என்ற வேதியியல் பேராசிரியர் கடற்பாசிச் சாற்றை ஆராய்ந்து, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு தவிர இன்னொரு சுவை இருக்கிறது என்று சொல்லி அதற்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். ஐந்து வருடம் கழித்து அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொதாமா, மாசியின் ஜப்பானியத் தம்பியில் இருந்து அதே சுவை தரும் இன்னொரு பொருளைப் பிரித்தெடுத்தார். நம் பாட்டிமார் மாசிப்பொடி ஒரு சிட்டிகை போட்டால் குழம்பு தூக்கிக்கொடுக்கும் என்று சொன்னதற்கு இதுதான் விளக்கம்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். தோஃபு சைவம், அதன் மேலே தூவியது சைவமில்லை. பொரித்த தோஃபு சைவம். அது மிதக்கும் சாறு சைவமில்லை. கத்தரிக்காய், முள்ளங்கி, மிஸோ சூப் என்று மெனுவில் அப்பாவியாகத் தெரியும் பலவற்றில் தஷி இருக்கும். "இறைச்சி இல்லை" என்று கடைக்காரர் உண்மையாகவே நினைத்துக்கொண்டு சொல்வார். மீன் சாறு அவர் கணக்கில் தண்ணீர் மாதிரி. எடமாமே, உப்புப் போட்டுச் சுட்ட பச்சை மிளகாய், வெறும் சோறு, ஊறுகாயில் சில என்று சைவத்துக்கு வழி இருக்கிறது. ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

கோலி சோடாவும் அம்பை அரிசியும்

"குடிக்க என்ன?" என்ற கேள்வி முதலிலேயே வந்துவிடும். இங்கேதான் நம்மவர்கள் கூச்சப்படுவார்கள். கூச்சமே வேண்டாம். ஜப்பானியர்களில் ஏறத்தாழ 10 பேரில் 4 பேருக்கு மதுவை உடைத்துச் செரிக்கும் நொதி பிறவியிலேயே பலவீனம். ஒரு மடக்கில் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். குடிக்காதவருக்கு 'கெகோ' என்று தனிச் சொல்லே இருக்கிறது. அவர்கள் ஊலாங் தேநீர் வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

சில கடைகளில் 'ராமுனே' கிடைக்கும். பார்த்ததும் சிரிப்பு வந்துவிடும். கழுத்து நெரித்த பாட்டில், உள்ளே கண்ணாடிக் குண்டு. கோலி சோடாவேதான்! ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களில் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. கிழக்கே வந்த கப்பல்களில் நமக்கும் வந்தது, ஜப்பானுக்கும் போனது. நாம் அதைக் கிட்டத்தட்ட மறந்து, இப்போது மறுபடி தூசு தட்டி எடுக்கிறோம். அவர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

ஸாகே என்பதை நம்மவர் பலர் சாராயம் என்று நினைக்கிறார்கள். அது காய்ச்சி வடித்ததில்லை. அரிசியைப் புளிக்கவைத்து வடிகட்டியது. ஆல்கஹால் 15 சதவிகிதம் போல இருக்கும். அரிசி தெரிந்த நெல்லைக்காரருக்கு அதன் கதை சுவாரஸ்யமானது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 ரகத்தை நினைத்துப் பாருங்கள்: குட்டையாக, தடியாக. ஸாகேக்கான அரிசியும் குட்டை, தடிதான். அதை நாம் தவிடு போகத் தீட்டுவதுபோல் தீட்டி நிறுத்துவதில்லை. 'கின்ஜோ' என்ற ரகத்துக்கு அரிசியில் 60 சதவிகிதம் மட்டும் மிஞ்சும்வரை தீட்ட வேண்டும். 'தைகின்ஜோ' என்றால் பாதிதான் மிஞ்சும். மீதிப் பாதி மாவாகப் போய்விடும். விலை ஏன் அப்படி என்று புரிகிறதா?

இன்னொரு ஒற்றுமை இன்னும் அருமை. நெல்லை அல்வாவின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே கோதுமை, அதே நெய், அதே மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போய் வெளியூரில் கிண்டினாலும் வராது என்பார்கள். கோபே பக்கம் நாதா என்ற பகுதியில் ஸாகே வடிப்பவர்களும் அப்படியே பேசுகிறார்கள். நிஷினோமியா ஊர்க் கிணற்றுத் தண்ணீர், 'மியாமிஸு', அதுதான் ருசி என்கிறார்கள். தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசாத நல்ல பலகாரமும் இல்லை, நல்ல பானமும் இல்லை போலிருக்கிறது. 2024 டிசம்பரில் ஜப்பானியரின் இந்த மது வடிக்கும் கலையை யுனெஸ்கோ மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் பனங்கள் 1987 முதல் தமிழ்நாட்டில் தடையில் இருக்கிறது. அது தனி விவாதம்.

ஸாகே வாங்கினால் ஒரு பழக்கம் தெரிந்திருக்க வேண்டும். தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்ள மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் கோப்பை காலியாகிறதா என்று பார்த்து ஊற்ற வேண்டும். உங்களுடையதை அவர் பார்த்துக்கொள்வார். கணவன், மனைவி இருவரும் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு கோப்பையும் காலியாகவே இருக்கும்!

மனைவிமார் வாசலைத் தாண்டிய கதை

இதையெல்லாம் படித்துவிட்டு, 'ஜப்பான்காரன் எவ்வளவு நல்லவன்' என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. இஸகாயா பல காலம் ஆண்களின் கோட்டையாகத்தான் இருந்தது.

1596-ல் எடோ நகரின் கந்தா பகுதியில் தோஷிமாயா என்ற மதுக்கடை தொடங்கியது. அந்த எடோதான் இன்றைய டோக்கியோ. கோட்டை கட்ட வந்த தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக இருந்த ஊர். தோஷிமாயாக்காரர் மதுவை அடக்க விலைக்கு விற்று, காலிப் பீப்பாயை விற்று லாபம் பார்த்தார் என்பார்கள். கூடவே மிஸோ தடவிச் சுட்ட தோஃபுவையும் வைத்தார். வாங்கியவர்கள் அங்கேயே நின்று குடிக்க, கடை தெருவெல்லாம் பிரபலமானது. இஸகாயாவின் முன்னோடி அதுதான் என்று சொல்வது வழக்கம். அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. 1811-ல் எடோவில் எடுத்த கணக்கில் இப்படிப்பட்ட கடைகள் 1,808. வந்தவர்கள் பெரும்பாலும் தனியாக ஊருக்கு வந்த ஆண்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த இடத்துக்குக் கம்பெனி ஊழியர்கள் வந்தார்கள். வேலை முடிந்ததும் மேலதிகாரியோடு போய்க் குடிப்பது வேலையின் ஒரு பகுதியாகவே ஆனது. வீட்டில் மனைவி, ஆறிப்போகும் சாப்பாடு, தூங்கிவிட்ட பிள்ளைகள். நமக்குத் தெரியாத காட்சியா இது? மறுக்க முடியாத ஜூனியர்களைக் குடிக்கச்சொல்லி வற்புறுத்துவதற்கு அங்கே 'அருஹாரா' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 'ஆல்கஹால் ஹராஸ்மென்ட்' என்பதன் சுருக்கம்.

டோக்கியோவின் நெகிஷி பகுதியில் 'ககியா' என்று ஒரு கடை இருக்கிறது. 1856-ல் மதுக்கடையாகத் தொடங்கியது. அதன் பழைய மரக்கட்டடத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் கொகானே நகரில் உள்ள எடோ-டோக்கியோ திறந்தவெளிக் கட்டடக்கலை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால், அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். அந்தக் கடையின் பழைய விதி ஒன்று ஜப்பான் முழுக்கப் பிரசித்தம்: பெண்கள் மட்டும் வந்தால் அனுமதி இல்லை. கூட ஓர் ஆண் இருந்தால் வரலாம். அதாவது, கணவனும் மனைவியுமாகப் போனால் இடம் உண்டு. மனைவி தன் தோழியோடு போனால் கிடையாது! 'மரபு' என்று ரசிப்பவர்கள் ரசிக்கிறார்கள். வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட தோழிகள் இருவருக்கும் அது வேறு மாதிரித்தான் இருந்திருக்கும்.

மாற்றம் வந்தது சங்கிலிக் கடைகளால். 1973-ல் ஸப்போரோ நகரில் 'ட்ஸுபோஹாச்சி' என்ற கடை தொடங்கியது. பெயருக்கு 'எட்டு ட்ஸுபோ' என்று அர்த்தம். அதாவது சுமார் 285 சதுர அடி. நம்மூர்க் கணக்கில் ஒரு நடுத்தர ஹால். அங்கே தொடங்கிய கடை நாடெங்கும் கிளை விட்டது. இதுபோன்ற கடைகள் வெளிச்சமாக, விலைப்பட்டியலில் படம் போட்டு, சாப்பாட்டு வகைகளைக் கூட்டின. 1980-களில் பழச்சாறு கலந்த லேசான பானங்கள் பிரபலமாகின. கல்லூரி மாணவிகள் வந்தார்கள், வேலைக்குப் போகும் பெண்கள் வந்தார்கள், பிறகு தம்பதிகள், குழந்தைகளோடு குடும்பங்கள். கடை அதேதான். விளக்கு வெளிச்சமானது, விலை வெளியே தெரிந்தது, கழிவறை சுத்தமானது. ஒரு பெண் உள்ளே வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது பெரும்பாலும் இந்த மூன்றை வைத்துத்தான்.

சிகரெட் புகை அதன் பிறகும் பல வருடம் இருந்தது. 2020 ஏப்ரலில் உணவகங்களுக்குள் புகைப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் முழுமையாக வந்தது. டோக்கியோவில் ஊழியர் யாரையும் வைக்காமல் குடும்பமே நடத்தும் பழைய சின்னக் கடைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் கணவன், மனைவி நடத்தும் அந்த அழகான கடையில்தான் புகையும் இருக்கக்கூடும். வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், பார்த்துவிட்டு நுழையலாம்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டும் பேச்சே அங்கே கிடையாது. 2007-ல் திருத்திய சட்டப்படி ஓட்டியவர் மட்டுமல்ல, அவர் ஓட்டப்போகிறார் என்று தெரிந்து மது கொடுத்த கடைக்காரர், வண்டி கொடுத்தவர், தெரிந்தே பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் எல்லோருக்கும் தண்டனை. 'நான் வேண்டாம்னுதான் சொன்னேன், அவர் கேக்கல' என்று பின்சீட்டில் இருந்து சொல்ல முடியாது. நடந்துபோகும் தூரத்தில் கடை இருப்பது அங்கே சௌகரியம் மட்டுமில்லை, அவசியமும்கூட.

நெல்லையில் ஏன் இல்லை?

நெட்ஃபிளிக்ஸ் வந்த பிறகு நம் பிள்ளைகளில் பலர் 'மிட்நைட் டைனர்' பார்த்திருக்கிறார்கள். யாரோ ஆபே வரைந்த காமிக்ஸில் இருந்து வந்த தொடர். நள்ளிரவு 12 மணிக்குத் திறக்கும் ஒரு சின்னக் கடை, யார் என்ன கேட்டாலும் கையில் பொருள் இருந்தால் சமைத்துத் தரும் ஒரு முதலாளி, ஒருவருக்கு மூன்று பானத்துக்கு மேல் கிடையாது என்று சுவரில் எழுதிய விதி. பார்த்துவிட்டு, 'நம்மூர்ல இப்படி ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்?' என்று கேட்கத் தோன்றும்.

சட்டப்படி முடியாது என்பதுதான் முதல் பதில். 2003 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம். அதைத் தாண்டி உட்காரவைத்துப் பரிமாறும் உரிமம் கிளப்புகளுக்கும் நட்சத்திர ஹோட்டல்களுக்கும்தான். எட்டு மேஜை போட்ட ஒரு சாதாரண உணவகத்துக்கு அந்த வழி இல்லை. மிச்சம் இருப்பது டாஸ்மாக்கை ஒட்டிய பார். அந்தத் தெருவில் வேகமாக நடந்து கடப்பதுதான் பெண்களின் வழக்கம்.

இரண்டாவது பதில் சட்டத்தில் இல்லை. நம் வீடுகள் பலவற்றில் மது என்றால் அப்பாவின் சம்பளம் வராத மாதங்கள், அம்மாவின் அடகு வைத்த வளையல். அந்த ஞாபகம் இருக்கிற ஒரு மனைவியிடம், 'ஜப்பான்ல புருஷன் பொண்டாட்டி சேர்ந்து போறாங்க தெரியுமா?' என்று சொன்னால் அவர் முறைப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால், மதுவை எடுத்துவிட்டால் இஸகாயாவில் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பார்த்தால் நிறையவே மிஞ்சுகிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வந்த ஜப்பானியர்களால் சென்னையில் ஜப்பானிய உணவகங்கள் வளர்ந்தன. நட்சத்திர ஹோட்டலுக்குள் இல்லாதவை மது இல்லாமலேதான் நடக்க வேண்டும், நடக்கின்றன. சின்னத் தட்டுகள், அடுப்பைப் பார்த்தபடி ஒரு பலகை, இருக்கைக்கு நியாயமாக ஒரு காசு, அவசரப்படுத்தாத ஓர் அம்மா. பொரித்த பனங்கிழங்கு, சொதி ஒரு சின்னக் கிண்ணம், முட்டை தோசையைக் கால் பங்காக வெட்டி ஒரு தட்டு, கோலி சோடா. வண்ணார்பேட்டையில் ஒருவர் இதைப் போட்டால் எந்த உரிமமும் தடுக்காது. மேஜைக்கு இரண்டு மணி நேரம் விட்டால் வாடகை கட்டுமா என்பதுதான் அவர் போட வேண்டிய கணக்கு. அந்தக் கணக்கை ஜப்பான்காரர் ஒதோஷிக் கிண்ணத்தில் சரிசெய்திருக்கிறார்.

போகிறவர்கள் கவனத்துக்கு

ஜப்பானுக்குச் சுற்றுலாவோ, வேலையோ, பிள்ளையைப் பார்க்கவோ போகும் தம்பதிகள் ஒரு மாலையாவது இப்படிப் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். பழைய கடைகள் சிலவற்றில் கார்டு எடுக்க மாட்டார்கள். கையில் நோட்டு இருக்கட்டும். ஆளுக்கு 3,000 முதல் 4,000 யென் ஆகும். ஒரு யென் அரை ரூபாய்க்குச் சற்று மேலே என்று வைத்துக்கொண்டால், இருவருக்கும் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறில் இருந்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் வரும். குடிக்காவிட்டால் இன்னும் குறையும். மது வாங்க 20 வயது முடிந்திருக்க வேண்டும். சைவம் என்றால் "நிகு மோ, ஸகானா மோ, தாபெமாஸென்" என்று சொல்லலாம். கறியும் சாப்பிட மாட்டோம், மீனும் சாப்பிட மாட்டோம் என்று அர்த்தம். "தஷி மோ" என்பதையும் சேர்த்துச் சொன்னால் கடைக்காரர் ஒரு நிமிடம் யோசிப்பார். அந்த யோசனைதான் உங்களுக்கு வேண்டியது.

கடைசியாகச் சோறு கேட்க மறக்காதீர்கள். எல்லாம் தின்று முடித்த பிறகு கொஞ்சம் சோறு சாப்பிட்டு மாலையை முடிப்பது அவர்கள் வழக்கம். அதில் ஒன்று 'ஒசாஸுகே'. கிண்ணத்தில் சோறு, மேலே உப்பில் ஊறிய புளிப்பான உமே காய் ஒன்று, அதன் மேல் சூடான பச்சைத் தேநீரை ஊற்றிக் கலக்கிக் குடிப்பதுபோலச் சாப்பிடுவார்கள். தேநீருக்குப் பதில் தஷி ஊற்றும் கடைகளும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். நீராகாரத்தில் வடுமாங்காய் கடித்து வளர்ந்தவர்களுக்கு அதை எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.